என்ன மருந்து சாப்பிடுகிறாய்?

மனிதரைப் பார்த்து மனிதர் கேட்கும் கேள்விகளில் மிக எளியதென்று எண்ணப்படுவதும், மிகக் கேடாகக் கேட்கப்படுவதும் ஒன்று உண்டு. அதுதான் இக்கட்டுரையின் தலைப்பாக நிற்கிறது. சுகாதார ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வருவோர், கையிலுள்ள கருவியைத் தட்டிக்கொண்டே, எதிரில் நிற்கும் முதியவளின் முகத்தையும் பாராமல், இக்கேள்வியை வீசுகின்றனர். "ஒன்றுமில்லை தம்பி" என்கிறாள் அவள். "இல்லை" என்று பதிவாகிவிடுகிறது. அந்த வீட்டில் மருந்து ஒரு பெட்டி நிறைய இருக்கிறது!

இதைப் பற்றி நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. படித்தவர் அபிப்பிராயம் ஒன்று: தோட்டத்துத் தமிழனுக்கும் அவன் மனைவிக்கும் தாம் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியாது, அவர்களைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக் கட்டுகளைப் புரட்டினால் போதும் என்பது. மற்றது படியாதவர் அபிப்பிராயம்: கேட்க வருபவன் எவனாயினும் அவனிடம் வாயைத் திறக்கலாகாது, திறந்தால் வேலை போகும், மகளின் சம்பந்தம் போகும் என்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. முதலாமவர் அலட்சியமாகக் கேட்பதால் இரண்டாமவர் மறைக்கிறார். இரண்டாமவர் மறைப்பதைக் காட்டி முதலாமவர் தம் அலட்சியத்துக்கு நியாயம் கற்பிக்கிறார். இரண்டும் தவறு என்பதோடு, இரண்டும் நமக்குக் கேடு என்பதே நாம் சொல்ல வந்தது.

கேடு எப்படி என்று பார்ப்போம். மலேசியாவில் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு என்பது 1986-ஆம் ஆண்டு தொடங்கி இன்றளவும் நடந்து வருகிறது. 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. அவர்களில் 9.4 பேர் தமக்கு நோயுண்டென்று அறிந்தவர், 8.9 பேர் அறியாதவர். 2023-ஆம் ஆண்டில் மொத்தம் 15.6 என்று வந்தது. நோயுற்றவரில் ஐவருக்கு இருவர் அப்போதும் அறியாதவரே. இனவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளிலே இந்தியர் முதலிடத்தில் நிற்கின்றனர். 2015-இல் அது நூற்றுக்கு 22.1 ஆக இருந்தது. வேறெதிலும் நமக்குக் கிட்டாத முதலிடம் இதில் கிட்டியிருக்கிறது.

இந்த "அறிந்தவர்", "அறியாதவர்" என்ற பிரிவினை எங்கிருந்து வருகிறது? வாயிலிருந்து வருகிறது. டாக்டர் சொல்லி உமக்குத் தெரியுமா, மருந்து உட்கொள்கிறீரா என்ற கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்தான் அது. மருந்தின் உதவியால் சர்க்கரை அளவாக இருக்கும் ஒருவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்றால், இரத்தச் சோதனையும் ஒன்றுமில்லை என்றே சொல்லும். நோயாளி ஆரோக்கியவான் ஆகிவிடுவார். சர்க்கரை ஏறியிருக்கும் ஒருவர், பத்து வருஷமாக மருந்து சாப்பிட்டும் அதை மறைத்தால், நோயை அறியாதவர் கணக்கில் விழுவார். அவருக்கு வேண்டியது சரியான சிகிச்சை. கணக்கு காட்டுவதோ பிரசாரமும் சுவரொட்டியும். இரத்தக் கொதிப்பிலும் இதே கதை. அளந்த போது 140/90-க்கு மேல் இருப்போரும், மருந்து உட்கொள்வோரும் என்று இரு சாராரையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். மருந்தை ஒளித்தவர் எண்ணிக்கையிலிருந்தே ஒளிந்துபோகிறார். எந்த ஊருக்கு எத்தனை டாக்டர், எவ்வளவு மருந்து, எத்தனை கண் சோதனை, எத்தனை கால் சோதனை வேண்டும் என்பதை இத்தகைய எண்களைக்கொண்டே நிருணயிக்கிறார்கள். ஒரு பொய்ப் பதில் ஒரு மனிதரோடு நிற்பதில்லை.

ஆனால் அதைப் பொய் என்று சொல்வதற்கு முன், கேட்டவர் என்ன கேட்டார் என்பதையும் விசாரிக்க வேண்டாமா? தமிழில் "மருந்து" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! தோட்டத்துக் கிழவிக்கு மருந்து என்பது புட்டியில் வரும் தண்ணீர் மருந்து. உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்தால் அது மாத்திரை. இன்சுலின் அவளுக்கு ஊசி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதும் மருந்துதான்; பகையாளி சோற்றில் வைத்ததாகச் சந்தேகிக்கப்படுவதும் மருந்துதான். காலையும் மாலையும் தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்ளும் ஒருத்தியிடம் "மருந்து சாப்பிடுகிறாயா?" என்றால், "இல்லை" என்பது உண்மையான பதில். பொய் சொன்னது கேள்வி!

"இனிப்பு நீர் இருக்கிறதா?" என்றாலும் இவ்விதமே. "இருந்தது, இப்போது இல்லை" என்பார். மாத்திரையால் அடங்கியிருப்பதை இல்லாமற்போனதாக எண்ணுகிறார். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கேள்விப் படிவம், கடந்த இரண்டு வாரத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை உட்கொண்டீரா என்று கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் போன மாதம் மருந்து தீர்ந்து, கூலி நாள் வரட்டுமென்று காத்திருப்பவர் என்ன சொல்வார்? "இல்லை" என்பார். வேண்டாமென்று நிறுத்தியவரும் "இல்லை" என்பார். ஒருநாளும் வாங்காதவரும் "இல்லை" என்பார். மூன்று பேருடைய வாழ்க்கையும் ஒரே கட்டத்திலே அடைந்துபோகிறது. இன்னொரு கேள்வி கேட்டால் மூவரும் பிரிந்துவிடுவர். அந்த இன்னொரு கேள்விக்குத்தான் யாருக்கும் பொழுதில்லை.

நிற்க, கெலாங் பாத்தாவை எடுத்துக்கொள்வோம். உடைந்த வளையல் என்று பொருள்படும் மலாய்ப் பெயர் கொண்ட ஊர். ஒருகாலத்தில் இரப்பரும் பிறகு செம்பனையும் சூழ இருந்து, இன்று துறைமுகமும் நெடுஞ்சாலையும் புது வீட்டுமனைகளும் நெருக்கி நிற்கும் ஊர். பக்கத்திலுள்ள தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து சிங்கப்பூரின் துவாஸுக்குச் செல்லும் இரண்டாவது பாலம் 1998-இல் திறக்கப்பட்ட பின், விடியுமுன் அக்கரைக்குப் போய் இருட்டிய பின் திரும்புவோர் இவ்வட்டாரத்தில் பெருகிவிட்டனர். இத்தகைய குடும்பமொன்றின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுத்த ஒரு மாதத்து மாத்திரை ஒரு பையில். சிங்கப்பூரில் முதலாளி அனுப்பிய டாக்டர் கொடுத்தது ஒரு பையில். அவசரத்துக்குக் கடைத்தெருக் கிளினிக்கில் வாங்கியது இன்னொன்றில். சீன மருந்துக்கடைச் சூரணம் ஒரு டப்பாவில். சென்னைக்குப் போய்வந்த சித்தப்பா கொண்டுவந்த பட்டை மாத்திரை ஒன்று. முழங்கால் வலிக்கு யாரோ சொல்லி வாங்கிய குளிகை ஒன்று. எந்த ஆஸ்பத்திரிக் கட்டில் இவை யாவும் சேர்ந்திருக்கும்? அக்கரைக் கட்டு இக்கரைக்கு வருவதில்லை. மலேசியாவிலே தனியார் டாக்டர்கள் தாமே மருந்தும் கொடுப்பதால், பல வேளைகளில் மருந்துச் சீட்டு என்ற ஒன்றே வெளியே வருவதில்லை. துண்டு துண்டாய்க் கிடக்கும் இந்த வளையலைச் சேர்த்துவைத்துப் பார்க்கக்கூடியவர் உலகத்தில் ஒருவரே, அதை விழுங்குகிறவர். அவரைக் கேட்க வேண்டாம், கட்டைப் புரட்டினால் போதும் என்கிற பண்டிதர்களுக்கு இது ஏன் விளங்கவில்லையோ!

சென்னையிலிருந்து வந்த பட்டையில் "கிளைகோமெட்" என்றிருக்கும். இங்குள்ள டப்பாவில் "குளுக்கோபேஜ்" என்றிருக்கும். இரண்டும் மெட்பார்மின் என்ற ஒரே மருந்து. சாப்பிடுகிறவர் இரண்டு மருந்து என்று எண்ணி இரண்டையும் சாப்பிடுகிறார். கிளிக்லசைட் போன்றவற்றில் இப்படி இரட்டிப்பு நேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆள் விழுந்துவிடுவார். பெயர் தெரியாதவர் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லி அடையாளம் காட்டுவார், அதுவும் நம்பத்தக்கதன்று. வெள்ளை வட்ட மாத்திரைகள் எத்தனையோ உண்டு. கம்பெனி மாறினால் அதே மருந்து வேறு நிறத்தில் வருகிறது. பையின்மேல் எழுதியிருப்பதோ மலாயில்: "2 காலி செஹாரி". நாளுக்கு இரு தடவை என்பது அதன் பொருள். தமிழருக்குக் காலி என்றால் வெறுமை. வீட்டில் படித்த பிள்ளை இல்லாதபோது அந்த எழுத்து காலிதான்!

முழங்கால் குளிகையைப் பற்றி ஒரு வார்த்தை. வலி தீர்க்குமென்று நாட்டு மருந்தின் பெயரால் விற்கப்பட்டவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றனர். அது வலியை மாயமாய் நீக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், நெடுநாள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே உலை வைக்கும். 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் முன்னோர் மருந்தெல்லாம் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. முன்னோர் பெயரை ஒட்டி விற்பதெல்லாம் மருந்து என்பதைத்தான் ஒப்பவில்லை. எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் டப்பியில் இருக்கிறதா என்று பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்? இதையெல்லாம் ஆராய்ச்சிக்காரர் கேட்டறியவேண்டும். "டாக்டர் கொடுத்தது மட்டும் சொல்லுங்கள்" என்பவர், திருடனை வாசலில் விட்டுவிட்டுத் தோட்டத்தில் தேடுகிறார்.

நம்மைக் கேளாமல் நம்மேல் ஆராய்ச்சி செய்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்திக் கொயினா கொடுத்தனர். வாயைத் திற என்றார்களே யொழிய, வாய்க்குள்ளிருந்து ஒரு சொல்லை எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அக்காலத்திலேயே கண் திறந்து பார்த்தவரும் இருந்தனர். பெரிபெரி என்ற நோய் மலாயாவில் சீனச் சுரங்கத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் கொன்றபோது, அதே நாட்டில் உழைத்த தமிழ்க் கூலிகளை அது ஏன் பெரும்பாலும் தொடவில்லை என்று நெகிரி செம்பிலானில் டாக்டராயிருந்த பிராடன் யோசித்தார். ஜாதியோ தேகவாகோ காரணமன்று, தமிழர் உண்ணும் புழுங்கல் அரிசியே காரணம் என்று கண்டார். அரிசியில் ஏதோ நஞ்சு சேர்வதாக அவர் கொண்ட முடிவு பிழைதான். தீட்டிய பச்சரிசியில் ஒரு சத்துக் குறைகிறது என்பதே உண்மை. 1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேஸரும் ஸ்டாண்டனும் டூரியான் டீப்புஸ் என்னுமிடத்தில் சாலை போட்ட ஜாவா தொழிலாளரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குத் தீட்டிய அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்து விஷயத்தை நிலைநாட்டினர். தீட்டிய அரிசி தின்றவர் நோயுற்றனர். உலகத்துக்கு நன்மை விளைந்தது. ஆனாலும் அன்றாடம் என்ன உண்கிறான் என்ற சாதாரண விஷயத்தைக் கவனித்தபோதுதான் வழி பிறந்தது என்பதை மறக்கலாகாது.

கேட்கத் தெரியாமையால் நேர்ந்த கொடுமைக்கு ஐரோப்பாவே சாட்சி. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் காண்டெர்கான் என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிக்கும் தீங்கில்லாதது என்று விளம்பரம் செய்தனர். டாக்டர் சீட்டுகூட வேண்டியதில்லை. பிறகு கையும் காலும் குறைபட்ட குழந்தைகள் பிறக்கலாயின. 1961-இல் ஹாம்பர்க் நகரத்து விடுகிண்ட் லென்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் தாய்மாரிடம், கர்ப்பக் காலத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். முதலில் ஐவரில் ஒருவரே காண்டெர்கான் பெயரைச் சொன்னார். லென்ஸுக்குச் சந்தேகம் தட்டிற்று. மீண்டும் சென்று அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேட்டார். இப்போது பாதிப்பேர் ஆமென்றனர். முன்பு ஏன் சொல்லவில்லை? அதைப்போய் ஒரு மருந்தென்று சொல்வார்களா, அவ்வளவு அற்பமானதல்லவா என்று எண்ணினோம் என்றனர் பலர். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் மாத்திரை ஜெர்மன் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அவர்கள் தோட்டத்துக் கிழவிகளல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த ஜெர்மானியத் தாய்மார். அவர்களில் முப்பது பங்கு முதற்கேள்விக்கு விடுபட்டுப்போயினர். பத்து வருஷம் கழித்து, 1971-இல், பாஸ்டனில் இளம்பெண்கள் சிலருக்கு அபூர்வமான புற்றுநோய் வந்தபோதும், எட்டுத் தாய்மாரில் ஏழு பேர் கர்ப்பத்தின்போது ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்து உண்டவர் என்பது விசாரணையால்தான் வெளியாயிற்று. இருபது வருஷத்துக்கு முந்திய மாத்திரை! அதை மறவாத தாயின் வாயை நம்பியிராவிட்டால் அந்த உண்மை எந்த மண்ணில் புதைந்திருக்குமோ?

ஆகவே கேட்பவர் கடமை இன்னதென்று விளங்கும். கைப்பையோ சோற்றுக் கூடையோ எதுவாயினும், வீட்டிலுள்ள மருந்து யாவற்றையும் அதிலே போட்டு எடுத்துவரச் சொல்லவேண்டும், பார்த்து எழுதவேண்டும். மாத்திரை, ஊசி, தைலம், சூரணம், கஷாயம், கண் சொட்டு, மூச்சுக்கு இழுக்கும் மருந்து என்று பெயர் பெயராகக் கேட்கவேண்டும். எதற்காக, எப்போதிருந்து, யார் கொடுத்தது, எத்தனை நாள் தவறிற்று, ஏன் தவறிற்று என்று கேட்கவேண்டும். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள்தானே?" என்று கேட்பவருக்கு "ஆமாம்" என்ற பதில் தயாராகவே இருக்கும்; "பலருக்கு இடையிடையே மறந்துபோகிறது, உங்களுக்கு எப்படி அம்மா?" என்பவருக்கே உண்மை கிடைக்கும். சாமியார் கொடுத்த பொடியையும் கேட்கவேண்டும்; கேட்கும்போது சிரிக்கக்கூடாது. அந்தப் பொடியைப் பற்றி நம் அபிப்பிராயம் யாவருக்கும் தெரியும். ஆனால் கேள்வி கேட்கப் போனவன் பிரசாரம் செய்ய ஆரம்பித்தால் அந்த வீட்டில் அதன்பின் ஓர் உண்மையும் வெளிவராது. பிரசாரத்துக்கு வேறு மேடை இருக்கிறது.

மருமகளிடம் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைப் பற்றி மாமியாரை வைத்துக்கொண்டு கேட்பது கேள்வியா, கொடுமையா? வலிப்புக்கு மருந்து உண்ணும் பெண்ணிடம், வரன் பார்க்க வந்தவர் காதில் விழக் கேட்கலாமா? தனித்துக் கேட்பதற்கு ஓர் இடமும், தமிழ் பேசும் பெண்ணொருத்தியும் வேண்டும். பதிலுக்கு மகனையோ கணவனையோ கேட்டு எழுதிக்கொள்வதை நாம் முழுதும் கண்டிக்கிறோம். அவள் உடம்பு, அவள் மாத்திரை, கணவனுக்கு அதன் நிறங்கூடத் தெரியாது.

இவ்வளவுக்கும் பணமேது, பொழுதேது என்பார்கள். ஜொகூரிலேயே விடை இருக்கிறது. வடகோடியிலுள்ள சிகாமட் மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டு முதல் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் ஒரு சமுதாயச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவருகின்றனர். ஒருமுறை வந்து கணக்கெடுத்து மறைவது அவர்கள் முறையன்று. சுமார் 40,000 ஜனங்களை, எல்லா இனத்தாரையும், ஆண்டுதோறும் தொடர்ந்து பார்ப்பதே அதன் நோக்கம். தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,06,527 பேரை ஒரு நீண்ட ஆராய்ச்சியில் சேர்த்தது. பணம் இருக்கிறது, மனமும் ஓரளவு இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கைக் கேட்பவர் பயிற்சிக்கும், அவருடைய தமிழுக்கும் செலவிட்டாலென்ன? இரத்தத்தை அளக்கும் கருவியை மாதந்தோறும் சரிபார்க்கிறார்கள். கேள்வி கேட்கும் வாயை யார் சரிபார்க்கிறார்கள்?

இனி நம்மவருக்கு. நோயை மறைப்பது மானம் என்று எவன் கற்பித்தானோ தெரியவில்லை. வினைப்பயன் என்கிறோம், பரம்பரைக் குற்றம் என்கிறோம், பிறகு மாத்திரையை அரிசிப்பானைக்குள் ஒளிக்கிறோம். பட்டைத் தண்ணீரோ கள்ளோ குடிப்பதைச் சந்தியில் நின்று சொல்லுகிற ஆண்மகன், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல நாணுகிறான். வேடிக்கைதான்! முதலாளி அறிந்தால் வேலை போகுமே என்ற அச்சம் மட்டும் நியாயமான அச்சம்; அக்கரைக்குப் போகும் தொழிலாளியிடம் அதைக் கண்டு நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் அதற்கு மருந்து மௌனமன்று. "இந்தப் பதில் யார் கைக்குப் போகும்? என் பெயர் அதில் இருக்குமா? எனக்கு இஷ்டமில்லாவிட்டால் நடுவில் எழுந்து போகலாமா?" என்று மூன்று கேள்விகளை முதலில் நாம் கேட்கவேண்டும். நாஜி டாக்டர்களின் வழக்குத் தீர்ப்போடு 1947-இல் நியூரம்பர்க்கில் வகுத்த விதிகளில் முதல் விதியே, ஆராய்ச்சிக்கு உட்படுபவரின் மனமுவந்த சம்மதம் வேண்டும் என்பது. இது அவர்கள் தரும் தயவன்று, நம் உரிமை. மூன்றுக்கும் தெளிவான விடை சொல்லாதவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம். சொல்பவருக்கு நாற்காலி போட்டு, பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னே திறந்து வையுங்கள். முழங்கால் குளிகையையும் சேர்த்து.